1600-ல ஆயா

"இந்த வெள்ளிக்கிழமையோட சரி. சனிக்கிழமைலேருந்து கடை கெடையாது."

ஆயா இதைச் சொன்னது ஒரு திங்கட்கிழமை ராத்திரி, சாப்பிட்டுக்கிட்டே. கொஞ்சம் ரசம் ஊத்துன்னு கேக்குமே, அதே குரல்ல. பொங்கல் வரைக்கும் பூ விக்கறதாத்தான் முன்னாடி பேச்சு. ஆனா கால் வீக்கம் கேக்கல. முடிச்சூர்லேருந்து பஸ் ஏறி, மேற்கு தாம்பரத்துல இறங்கி, சண்முகம் ரோடு வரைக்கும் கூடையோட நடக்க முடியல. முப்பது வருஷத்துக்கு மேல ஒரே இடத்துல போட்ட கடை. அப்பா "சரிம்மா"ன்னார். அம்மா ரசம் ஊத்தினாங்க. எனக்கு மட்டும் சோறு இறங்கல. காரணம் பாசம்னு சொன்னா நல்லாயிருக்கும். உண்மையான காரணம், என் கேமராக்குள்ள இருந்த ஃபிலிம்ல பதினாலு படம் ஏற்கனவே எடுத்தாச்சு.

இது ஏன் பிரச்சனைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். எங்க வீட்டுல ஆயாவை "நீ"ன்னுதான் கூப்பிடுவோம். "சொல்லுச்சு, வந்துச்சு"ன்னுதான் பேசுவோம். எடிட்டர் இதை "சொன்னார்கள்"னு மாத்தினா அது வேற யாரோ ஒரு பாட்டி ஆயிடும். அதனால அப்படியே விடச் சொல்லிக் கேட்டிருக்கேன். எல்கேஜிலேருந்து இங்கிலீஷ் மீடியம்; என் தமிழ்ல பாதி ஆயா கடையில கத்துக்கிட்டதுதான்.

இப்ப பிரச்சனைக்கு வரேன்.

சித்தப்பா 90கள்ல கல்யாண போட்டோகிராஃபர். அவரோட பழைய பென்டாக்ஸ் கே1000 இப்ப என்கிட்ட. முழுக்க முழுக்க கையால இயக்கற கேமரா. பேட்டரி உள்ள இருக்கிற லைட் மீட்டருக்கு மட்டும்தான்; அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். நான் போட்டிருந்த ஃபிலிம் இல்ஃபோர்டு எச்பி5 ப்ளஸ், கருப்பு வெள்ளை, 400 ஐஎஸ்ஓ. ஒரு ரோல் வாங்கற காசுல கேன்டீன்ல ரெண்டு வாரம் மதியச் சாப்பாடு முடிச்சிடலாம். அதனால ஒரு ரோலை மூணு மாசம் ஓட்டுவேன். அந்தப் பதினாலு படமும் ஏழாவது செமஸ்டர் கடைசி நாள், நல்ல வெயில்ல எடுத்தது. காலேஜ் பஸ் நிக்கற இடத்துல எங்க கேங் மொத்தமும் மதில் மேல உக்காந்திருக்கிற படம், லேப் வாசல்ல படம், ஒருத்தன் அரியர் கிளியர் பண்ணின சந்தோஷத்துல டிபார்ட்மென்ட் போர்டைக் கட்டிப்பிடிச்ச படம்.

ஆயா கடை வேற உலகம். ராத்திரி ஏழுலேருந்து பத்து. வெளிச்சம்னு சொல்லிக்க, பக்கத்துப் பழ வண்டி பேட்டரிலேருந்து ஒயர் இழுத்து மாட்டின ஒரு எல்இடி பல்பு. அதுவும் ஆயாவுக்கு ஒரு பக்கமா, பூக்கூடை மேல தொங்கும். 400-ல மீட்டர் பார்த்தா லென்ஸை எஃப் 2-ல முழுசா திறந்து வெச்சாலும் ஷட்டர் 1/15 வினாடி கேக்குது. 1/15-ல என் கை நடுங்கும். ஆயா கை நிக்கவே நிக்காது. பூ கட்டற விரலைப் பார்த்திருக்கீங்களா? கண்ணாலயே பிடிக்க முடியாது.

ஃப்ளாஷ் போடலாமேன்னு கேப்பீங்க. ஒரு தடவை போட்டேன், ரெண்டு வருஷம் முன்னாடி. வாங்க வந்த அம்மா கண்ணை மூடிக்கிட்டு, "என்னப்பா இது"ன்னு நகர்ந்து அடுத்த கடைக்குப் போயிட்டாங்க. ரெண்டு முழம் மல்லி வியாபாரம் போச்சு. ஆயா அதை இன்னும் மறக்கல. அது மட்டுமில்ல, ஃப்ளாஷ் போட்டா அந்த பல்பு வெளிச்சம் செத்துடும். ஆயா ஏதோ ஆதார் சென்டர்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்.

போன்? எடுத்திருக்கேன். இப்பவும் இருக்கு. நைட் மோட் சில நொடிக்குள்ள பல படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரே படமாக்குது. நிக்கற பொருளுக்கு அது அற்புதம். ஆயா விரல் மட்டும் மெழுகு உருகின மாதிரி வந்திருக்கு. ஆனா அதுல ஆயா சிரிக்குது. அதனால அதை டெலீட் பண்ண மாட்டேன்.

ஆக மிச்சம் ஒரே வழி, புஷ் பண்றது. தெரியாதவங்களுக்காக: 400 ஃபிலிமைப் போட்டுட்டு, கேமரா டயலை 1600-ல வெக்கறது. அதாவது கேமராகிட்ட ஒரு பொய். "என் ஃபிலிம் நாலு மடங்கு கூர்மை, கவலைப்படாதே." கேமரா நம்பிடும். 1/15 கேட்ட இடத்துல 1/60 போதும்னு சொல்லும். ஆனா ஃபிலிமுக்கு உண்மை தெரியுமே! அதுமேல விழுந்தது தேவையான வெளிச்சத்துல கால் பங்குதான். அந்தப் பொய்க்கு அப்புறம் டெவலப் பண்ற டேங்குல வட்டி கட்டணும். ஐடி-11 டெவலப்பர்ல, 20 டிகிரில, இந்த ஃபிலிமுக்குச் சாதாரணமா ஏழரை நிமிஷம். 1600-க்கு 14 நிமிஷம்.

சிக்கல் புரியுதா? ஒரு ரோல்னா ஒரே டேங்க், ஒரே நேரம். முதல் பதினாலு படத்துக்கு ஏழரை நிமிஷம் போதும். மிச்சம் இருபத்திரண்டுக்கு பதினாலு நிமிஷம் வேணும். புது ரோல் ஆர்டர் போட்டா வர நாலு நாள். ஆயா கடை இருக்கப்போறதும் நாலு நாள். நடுவுல ரெண்டு ஃப்ரேம் காலியா விட்டு, அப்புறம் இருட்டுல கத்தரிக்கோலால வெட்டி ரெண்டு துண்டா கழுவலாம்னு இப்பத் தெரியும். அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் இருட்டுல தடவிப் பார்த்து வெட்ற தைரியம் எனக்கு இருந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

குரூப்ல மெசேஜ் போட்டேன். நம்ம கடைசி நாள் படமெல்லாம் கெட்டுப்போக சான்ஸ் இருக்கு, பரவாயில்லையான்னு. ஒரு மணிநேரம் யாரும் பேசல. ப்ளூ டிக் மட்டும் வந்துக்கிட்டே இருந்தது. அப்புறம் அரியர் மச்சான் எழுதினான்: "என் மூஞ்சி இன்ஸ்டால நானூறு இருக்கு. உங்க ஆயா எங்கயாச்சும் இருக்காங்களா?"

இல்ல. அதுதான் விஷயம்.

2015 டிசம்பர் 1. உங்கள்ல நிறைய பேருக்கு அது ஸ்கூல் லீவு விட்ட ஞாபகமா இருக்கும். தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணி புகுந்தது. எங்க தெருவுல படகு வந்தது. எனக்குப் பதினோரு வயசு. சத்தியமா படகு ஏறறது ஜாலியா இருந்தது. வீட்டுக்குள்ள தண்ணி என் நெஞ்சு உயரத்துக்கு நின்னு, வடியறதுக்கு நாலு நாள் ஆச்சு. பீரோவோட அடித்தட்டுல ஆல்பம் அஞ்சும் இருந்தது. படமெல்லாம் மேல இருந்த பிளாஸ்டிக் தாளோட ஒட்டிப் போச்சு. அம்மா ஒண்ணைப் பிரிக்கப் பார்த்தாங்க. முகம் பிளாஸ்டிக்ல வந்துடுச்சு, வெள்ளைக் காகிதம் ஆல்பத்துல நின்னுது.

அதோட தாத்தா போனார். ஆள் 2009-லயே போயிட்டார். 2015-ல போனது படம். மிச்சம் இருக்கிறது லேமினேட் பண்ணின வோட்டர் ஐடி. அதைப் பார்த்து ஆயாவே "இது யாரு?"ன்னு கேக்கும்.

அன்னையிலேருந்து ஆயா போட்டோவுக்கு நிக்காது. கேட்டா ஒரே பதில். "எடுத்து என்னா பண்ணுவ? மறுபடி தண்ணில விடுவ."

கேமரா தப்பிச்சதுக்குக் காரணம், அது பரண்ல இருந்தது. கூடவே சித்தப்பாவோட ஒரு பிஸ்கட் டப்பாவும். அதுக்குள்ள வெட்டி வெச்ச நெகட்டிவ் துண்டுகள். நான் கேமராவை எடுத்துக்கிட்டப்ப அந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டேன். ஒரு நாள் லேப்டாப் ஸ்க்ரீன்ல வெள்ளைப் பக்கம் திறந்து வெச்சு ஒவ்வொண்ணா பார்த்தேன். எல்லாம் யார் யாரோட பாஸ்போர்ட் சைஸ் முகம். ஒரு துண்டுல மட்டும் கடைசி ரெண்டு ஃப்ரேம் வேற மாதிரி. கிட்டத்தட்ட வெறும் பிளாஸ்டிக். உத்துப் பார்த்தா ஒரு பல்பு, ஒரு கூடை, தோள்ல துண்டு போட்ட யாரோ.

நெகட்டிவ்ல எல்லாமே தலைகீழ். வெளிச்சம் பட்ட இடம் கருப்பா இருக்கும், படாத இடம் கண்ணாடி மாதிரி காலியா இருக்கும். அந்த உருவத்துல நெத்தியும் துண்டும் லேசா சாம்பல். முகம் இருக்க வேண்டிய இடம் காலி.

சித்தப்பாகிட்ட காட்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க தாத்தாதான்டா. கடையில. 98-ஆ 99-ஆ தெரியல. பாஸ்போர்ட் போட்டோ எடுத்த ரோல்ல ரெண்டு மிச்சம் இருந்துச்சு. 100 ஸ்பீடு ஃபிலிம். வீட்டுக்குப் போற வழியில சும்மா அடிச்சேன்."

"புஷ் பண்ணியிருக்கலாமே சித்தப்பா?"

"தெரியும்டா. அதே ரோல்ல முப்பது கஸ்டமர் இருக்காங்க. காசு வாங்கியாச்சு, காலைல குடுக்கணும். தூக்கிக் கழுவினா அவங்க மூஞ்சி எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வரும். அப்பாதானே, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

இப்ப ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டேன். தலையாட்டினார். ஒரு தடவை ஹைப்போல போட்டு எடுத்தா முடிஞ்சுபோச்சு. வெளிச்சம் தொட்டும் டெவலப்பர் எழுப்பாத வெள்ளி உப்பையெல்லாம் ஹைப்போ கரைச்சுக் கொண்டுபோயிடும். புஷ் பண்றதுன்னா அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். "அப்பவே தூக்கியிருந்தா மட்டும் கண்ணு வந்திருக்குமா? தெரியல. 100-ல எடுத்தது, ரொம்பக் குறைச்சல். ஆனா ஏதோ கொஞ்சம் வந்திருக்கும்"னார்.

அந்த ஃபிலிம் நம்ம ஊர் ஃபிலிம்ங்கறதையும் அப்பதான் சொன்னார். ஊட்டில இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்னு ஒரு மத்திய அரசு கம்பெனி. 1960-ல ஆரம்பிச்சது, பிரான்ஸ்ல இருந்த பௌஷேங்கற கம்பெனியோட தொழில்நுட்பத்துல. ஃபிலிமோட பேர் 'இந்து'. மதம் இல்லைங்க, நிலான்னு அர்த்தம். வெள்ளி உப்புல படம் பிடிக்கற பொருளுக்கு நிலான்னு பேர் வெச்சவர் யாரோ, நல்ல ரசிகர். ஃபிலிம் செய்ய குளிரும் தூசி இல்லாத காத்தும் வேணும்ங்கறதால ஊட்டி. எக்ஸ்ரே ஃபிலிமும் அங்க செஞ்சாங்க. கம்பெனி இப்ப மூடியாச்சு. ஊட்டில இந்து நகர்ங்கற பேர் மட்டும் நிக்குது. நான் வாங்கற எச்பி5 இங்கிலாந்துல மாபர்லிங்கற ஊர்ல செஞ்சு கப்பல் ஏறி வருது. என் கேன்டீன் காசு எங்க போகுதுன்னு இப்பப் புரியும்.

சரி, செவ்வாய்க்கிழமை. டயலை 1600-க்குத் திருப்பிக்கிட்டு கடைக்குப் போனேன். ஆயா பார்த்துச்சு, ஒண்ணும் சொல்லல. ஆறு படம் எடுத்தேன். பெருமையா சித்தப்பாகிட்ட போன்ல சொன்னேன், கடை, பல்பு, ஆயா எல்லாம் ஃப்ரேம்ல அழகா வந்திருக்குன்னு.

"பல்பு ஃப்ரேம்ல இருந்துச்சா?"

"ஆமா."

"மீட்டர் பார்க்கறப்பவும்?"

"ஆமா..."

"அப்ப ஆறும் போச்சு. முள்ளு பல்பைப் பார்த்துட்டு வெளிச்சம் நிறைய இருக்குன்னு சொல்லியிருக்கும். ஏற்கனவே கால் பங்கு வெளிச்சத்துலதான் எடுக்கற. அதுலயும் பாதி இல்ல. கிட்டப் போடா. ஆயா கன்னம் மட்டும் தெரியற மாதிரி பிடிச்சு மீட்டர் பாரு, வெச்சதை மாத்தாம பின்னாடி வந்து எடு."

புதன்கிழமை அப்படியே செஞ்சேன். மூஞ்சிக்கு ஒரு முழத்துல கேமராவைக் கொண்டுபோனா ஆயா சும்மா இருக்குமா? "தள்ளிப் போடா, வியாபாரம் நேரத்துல"ன்னு முழங்கையாலேயே தள்ளுச்சு. எட்டு படம். வியாழக்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ, போக முடியல. வெள்ளிக்கிழமை கடைசி எட்டு.

வெள்ளிக்கிழமை பத்தி நிறைய எழுதலாம், எழுதப்போறதில்ல. மார்கழி வெள்ளி, கூட்டம் நல்லா இருந்தது. மல்லி இந்தக் குளிருக்கு விளைச்சல் கம்மி, விலை ஏறிக்கெடந்தது. கனகாம்பரமும் கதம்பமும்தான் போச்சு. வழக்கமா வர்றவங்க யாருக்கும் ஆயா விஷயத்தைச் சொல்லல. ஒருத்தங்க "நாளைக்கு ரெண்டு முழம் எடுத்து வைங்கம்மா"ன்னாங்க. ஆயா "சரிம்மா"ன்னுச்சு. அந்த "சரிம்மா" சொல்லிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு. நான் அழுத்திட்டேன். 1/60.

இனி கழுவற கதை. இதுக்குத்தான் இந்தக் கட்டுரைன்னு நினைச்சு ஆரம்பிச்சேன், பாருங்க எங்க வந்து நிக்குது.

ஃபிலிமை முழு இருட்டுல ஒரு பிளாஸ்டிக் சுருள்ல ஏத்தி டேங்குல வெச்சு மூடணும். அதுக்குன்னு கறுப்புப் பை விக்கறாங்க, உள்ள கையை விட்டு செய்யறதுக்கு. சென்னைக்கு அது லாயக்கில்ல. ரெண்டு நிமிஷத்துல கை வேர்த்து, அந்த ஈரத்துல ஃபிலிம் சுருள்ல ஒட்டிக்கும், ஏறவே ஏறாது. நான் பாத்ரூம்லதான் செய்வேன், ராத்திரி மூணு மணிக்கு. கதவடியில துண்டு, வென்டிலேட்டர்ல அட்டை. அஞ்சு நிமிஷம் இருட்டுல நின்னு கண்ணு பழகினப்புறமும் எங்கயும் வெளிச்சம் தெரியலன்னாதான் டப்பாவைத் திறப்பேன்.

அப்புறம் தண்ணி. புத்தகத்துல 20 டிகிரின்னு சுலபமா போட்டுடறாங்க. எங்க மாடி டேங்க் தண்ணி மே மாசத்துல கைய வெக்க முடியாது. மார்கழி விடியக்காலைல கூட தெர்மாமீட்டர் 25 காட்டும். சூடு ஏறினா டெவலப்பர் வேகமா வேலை செய்யும். டிகிரிக்கு சுமார் பத்து சதவீதம் நேரத்தைக் குறைச்சுக்கலாம். 24 டிகிரின்னா பதினாலு நிமிஷ வேலை பத்து நிமிஷத்துல முடியும். நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க, தப்பில்ல. ஆனா எனக்கு இந்த ஒரு ரோல்ல கணக்கு போட்டுப் பார்க்கற தைரியம் இல்ல. மீன் மார்க்கெட்ல ஐஸ் வாங்கி ஃப்ரீசர்ல வெச்சிருந்தேன். அலுமினிய அண்டாவுல தண்ணி, ஐஸ், நடுவுல டெவலப்பர் பாட்டில். இருபதுக்கு இறங்க அரை மணிநேரம் ஆச்சு. வீடே லேசா மீன் வாசம். கரைக்கறதுக்கும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணி. எங்க போர் தண்ணில கழுவினா ஃபிலிம்ல உப்புத் திட்டு காயும்.

ஊத்தினேன். ஸ்டாப்வாட்ச் ஓடுது. ஒவ்வொரு நிமிஷமும் முதல் பத்து நொடில நாலு தடவை டேங்கைக் கவுத்து நிமிர்த்தணும். அதுக்கு மேல ஆசைப்பட்டு ஆட்டக் கூடாது. ஆட்டினா ஏற்கனவே வெளிச்சமா இருக்கிற இடம் இன்னும் ஏறிடும்.

இந்தப் பதினாலு நிமிஷத்துல உள்ள நடக்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஃபிலிம்னா ஜெலட்டின்ல கெடக்கற வெள்ளி உப்புப் படிகங்கள். வெளிச்சம் பட்ட படிகத்துல சில வெள்ளி அணுக்கள் ஒண்ணு சேரும். நாலு அணு சேர்ந்தா போதும்னு சொல்றாங்க, டெவலப்பர் அந்தப் புள்ளியைப் பிடிச்சுக்கிட்டு முழுப் படிகத்தையும் கறுப்பு வெள்ளியா மாத்திடும். நிறைய வெளிச்சம் வாங்கின இடத்துல அப்படிப்பட்ட படிகம் கோடிக்கணக்குல இருக்கு. நேரம் கொடுக்கக் கொடுக்க அது கருத்துக்கிட்டே போகும். நிழல் இருந்த இடத்துல கொஞ்சம்தான். அங்க வேலை முதல் சில நிமிஷத்துலயே பெரும்பாலும் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் விட்டாலும் நிழலுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காது. பாதி வெளிச்சம் வாங்கினதுதான் மேல வரும். ஒண்ணுமே வாங்காதது ஒண்ணுமில்லாமலேதான் இருக்கும். ரொம்ப நேரம் விட்டா அங்கயும் பொதுவா ஒரு மூட்டம் படியும், அவ்வளவுதான். எங்க இசிஇ பசங்களுக்கு ஒரே வரில சொல்லலாம்: கெய்ன் ஏத்தினா சிக்னலும் ஏறும் நாய்ஸும் ஏறும், இல்லாத சிக்னல் வராது. ரெண்டாவது வருஷம் இதை எழுதித்தான் பாஸ் பண்ணினோம். எழுதினப்ப எனக்கு இது புரியல.

எட்டாவது நிமிஷத்துல கதவு தட்டற சத்தம். டேங்க் மூடியிருக்கு, வெளிச்சம் வந்தா பரவாயில்ல. திறந்தேன். ஆயா. வழக்கமா கோயம்பேடு பூவுக்காக எழுந்திரிக்கற நேரம்; உடம்பு தானா எழுப்பிவிட்டிருக்கு. அண்டா, ஐஸ், கையில டேங்க்னு நான் நிக்கற கோலத்தைப் பார்த்துச்சு.

"என்னாடா பண்ற?"

"உன்னைத்தான் கழுவிக்கிட்டிருக்கேன். பேசாத, கணக்கு தப்பிடும்."

ஆயா வாசப்படியில உக்காந்துக்குச்சு. மிச்சம் ஆறு நிமிஷமும் அங்கதான். ஒவ்வொரு தடவை நான் டேங்கைக் கவுக்கறப்பவும் தலையை ஆட்டிப் பார்த்துச்சு. டெவலப்பரைக் கொட்டி, வினிகர் தண்ணி ஊத்தி, ஹைப்போ ஊத்தி முடிக்க இன்னும் ஏழெட்டு நிமிஷம். திறந்து சுருளை வெளிய எடுத்து உருவினப்ப ஆயாதான் முதல்ல பார்த்துச்சு. "ஒண்ணுமே இல்ல, கருப்பா இருக்கு"ன்னுச்சு. அது வெயில்ல எடுத்த எங்க கேங். பதினாலும் கரி மாதிரி. ஆனா காலி இல்ல. எல்லாம் இருக்கு, அளவுக்கு மேல இருக்கு. அப்புறம் ஸ்கேன் பண்ணினப்ப ஒவ்வொண்ணையும் இழுத்துப் பிடிச்சு வெளிய கொண்டுவர முடிஞ்சது. வானம் வெளுத்துப் போச்சு, எங்க சட்டையெல்லாம் ரின் விளம்பரம், குருணை மண்ணு மாதிரி தெரியுது. அரியர் மச்சான் அதை டிபி வெச்சிருக்கான். அவனுக்கு அதுதான் ஸ்டைலாம்.

இதை ஏன் சொல்றேன்னா, சித்தப்பாவோட முப்பது கஸ்டமரும் ஒருவேளை இப்படித் தேறியிருப்பாங்க. அவர்கிட்ட நான் இதைச் சொல்லல. அவர் படங்களைப் பார்த்தார், அவருக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஆறும் அவர் சொன்ன மாதிரியே: ஒரு பல்பு, சுத்தி வெறும் பிளாஸ்டிக். புதன் எட்டுல ரெண்டு பரவாயில்ல, மத்ததுல ஆயா முழங்கை. வெள்ளிக்கிழமை எட்டுல மூணு நிக்குது. ஒண்ணு கை மட்டும். விரல் 1/60-லயும் நிக்கல, கலைஞ்சுதான் இருக்கு, ஆனா நாரும் மல்லியும் கத்தி மாதிரி கூர்மையா வந்திருக்கு. இன்னொண்ணு ஆயா சில்லறை எண்றது. மூணாவது அந்த "சரிம்மா."

அதுல பல்பு பக்கம் இருந்த பாதி முகம் அப்படியே வந்திருக்கு. ஒரு கண்ணு, கன்னத்துச் சுருக்கம், நரைச்ச முடி, கம்மல். மறுபாதி இல்ல. ஸ்கேனர்ல, சாஃப்ட்வேர்ல எல்லா ஸ்லைடரையும் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். குருணைதான் கொதிக்குது, முகம் வரல. அந்தப் பக்கம் நாலு அணு சேர்ற அளவுக்குக் கூட வெளிச்சம் விழல. ஆனா அந்த இருட்டு நடுவுல ஒரே ஒரு புள்ளி மட்டும் வெள்ளையா இருக்கு. முதல்ல தூசின்னு நினைச்சு அழிக்கப் போனேன். பெருசு பண்ணிப் பார்த்தா மூக்குத்தி. தாத்தா வாங்கிக் குடுத்தது.

சானடோரியம் பக்கம் ஒரு லேப்ல எட்டுக்குப் பத்து சைஸ்ல பிரிண்ட் போட்டேன். கடைக்காரர் "ஒரு பக்கம் டார்க்கா இருக்கே, ப்ரைட் பண்ணட்டுமா தம்பி?"ன்னு அக்கறையாக் கேட்டார். வேணாம்னேன்.

ஆயாகிட்ட குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு, பல்புக்கு நேரா பிடிச்சுப் பார்த்துச்சு. முதல் கேள்வி, "கனகாம்பரம் எங்கடா?" கூடையில எல்லாமே சாம்பல் நிறம்; எது கனகாம்பரம்னு எனக்கும் சொல்லத் தெரியல. கருப்பு வெள்ளைல அப்படித்தான்னேன். "அது தெரியும். உங்க சித்தப்பா எடுக்காத கருப்பு வெள்ளையா"ன்னுச்சு. அப்புறம் பெருவிரலால அந்தப் புள்ளியைத் தொட்டுப் பார்த்துச்சு, துடைச்சா போயிடுமான்னு பார்க்கற மாதிரி.

"இன்னொண்ணு போட எவ்ளோ ஆவும்?"

சொன்னேன்.

"போட்டுடு. ஒண்ணு உங்க சித்தப்பாவுக்கு." படத்தை மறுபடி கவர்ல போட்டு, கவரை என் கையில குடுத்துச்சு. நான் பீரோ பக்கம் திரும்பினேன்.

"அங்க இல்லடா. பரண்ல வை."

நாற்காலி இழுத்துப் போட்டு ஏறினேன். ஆயா கீழ நின்னு நாற்காலியைப் பிடிச்சுக்குச்சு.

"இன்னும் உள்ள தள்ளு. அந்த டப்பா பக்கத்துல."